சூடு இறங்காத பெட்டி

ஸ்க்ரூ எல்லாம் கழற்றியாயிற்று, ஆனாலும் பிரிய மாட்டேன் என்கிறது. எங்கேயோ ஒன்று ஒளிந்துகொண்டு மொத்தத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. பலவந்தம் வேண்டாம் கஜபதி, நீ ஃபிட்டர், பலவந்தம் சூப்பர்வைசரின் வேலை. ஆலையை விட்டு என்னை வெளியே தள்ளி எத்தனையோ காலம் ஆயிற்று, இந்த விரல்கள் மட்டும் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கின்றன. மகனுடைய கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் அனுப்புகிற பாகம், கிராஃபிக்ஸ் கார்டு என்று பெயர். கார்டு என்றால் ரேஷன் கார்டு மாதிரி மெல்லிசாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இதுவோ செங்கல் கனத்தில், மூன்று விசிறிகளோடு, மல்லாக்கப் போட்ட நண்டுபோல் பழைய தினசரியின் மேல் கிடக்கிறது. விசிறி இதழ்களில் கறுப்புத் தூசி. எங்கள் காலடிப்பேட்டையில் துடைத்த ஜன்னல் மறுநாளே கறுத்துவிடும், துணியைக் கொடியில் போட்டால் கரிக்கோடு விழும், அதே கறுப்பு இந்த விசிறிகளுக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது. ஊதினால் போகவில்லை. நாக்கில் உப்பும் கரியும் ஒட்டின. என் மனைவி வடிவை முட்டிவலிக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறான் எங்கள் மகன் வெண்மணி. அவன் தானாகப் போகவில்லை. "எனக்குக் கால் நடுங்குதுடா, நீ வரலன்னா நான் ஆட்டோல ஏறவே மாட்டேன்" என்று அவள் கதவுக்கு வெளியே நின்று அழுதாள். பாதி நடிப்புதான். நடிப்பாவது அவனை எழுப்பியதே. என் பேச்சு எழுப்பவில்லை. மைக் இல்லாமல் ஆலை வாசலில் ஒரு ஷிப்டு முழுவதையும் திரும்பி நிற்க வைத்த என் குரலுக்கு, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவார்கள். அதற்குள் இது ஓட வேண்டும். அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டாம், அவன் உட்கார வேண்டும், காதில் அந்தப் பெரிய ஹெட்போனை மாட்ட வேண்டும், கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிற்க வேண்டும், அவன் குரல் கேட்க வேண்டும்.

அந்தக் குரலைப் பற்றி வடிவிடம்கூட நான் சொன்னதில்லை. முதலில் கேட்டபோது வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். வீட்டில் அவனுக்கு மூன்று சொற்கள்தான்: சரி, வேணாம், விடுங்கப்பா. கதவுக்குள்ளே வேறொருவன். "யாரும் தனியா ஓடாதீங்க. சேர்ந்து போனா சேர்ந்து வரலாம். பின்னால ஒருத்தன் விழுந்துட்டான், அவனைத் தூக்கிட்டுத்தான் போறோம், பயந்தவன் என் முதுகுப் பக்கம் வா." கையில் டீ டம்ளரோடு நடையில் நின்றுவிட்டேன். டீ ஆறி ஏடு படிந்தது. விளையாட்டு. துப்பாக்கி பொம்மைகள். சூதாட்டத்தைவிடக் கேவலம், இளைஞர்களின் கோபத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து வைக்க முதலாளி கண்டுபிடித்த தந்திரம் என்று நானே தெருமுனைக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன், அதில் ஒரு வார்த்தையையும் இப்போதும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனாலும் அந்தக் குரல் என் குரல். மூச்சு விடுகிற இடம்கூட அதே இடம். ஹெட்போனை மீறிக் கசிந்த சத்தத்தில் அவனோடு விளையாடுகிறவர்கள் அவனை லீடர் என்று கூப்பிட்டார்கள். எந்த ஊர்ப் பிள்ளைகளோ, முகம் தெரியாதவர்கள், லீடர் லீடர் என்றார்கள், அவன் சிரித்தான். அன்றிலிருந்து மத்தியானம் தூக்கம் வருவதில்லை, நடையில் செருப்பைத் தேடுகிறவன்போல் குனிந்து நிற்பேன். பிறகு ஒருநாள் விசிறிகள் ஊளையிட ஆரம்பித்தன. விளையாடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பிரஷர் குக்கர் விசில் பிடித்ததுபோல் ஒரு சத்தம், பிறகு திரை கறுத்துப்போகும், "ஐயோ" என்று அவன் சொல்வான், மறுபடி போடுவான், மறுபடி போகும். நாலைந்து முறை போட்டுப் பார்த்தான். கடைசி முறை ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. அதன்பிறகு நாற்காலி கிறீச்சிட்ட சத்தம், கட்டில் கிறீச்சிட்ட சத்தம், அவ்வளவுதான், அதிலிருந்து கட்டில்தான். கடையில் கொடுக்கலாம் என்றேன், வேணாம் என்றான். நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன், விடுங்கப்பா என்றான். அந்த விடுங்கப்பாவில் ஏதோ இருந்தது. பட்டறையில் மோட்டார் எரிவதற்கு முன்னால் ஒரு வாடை வரும், எல்லோருக்கும் வராது, பக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டும் வரும், அந்த வாடை.

ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கிறது அந்த ஸ்க்ரூ. உத்தரவாதம் போய்விடும் என்று சிவப்பில் எழுதிய ஒரு பொட்டு ஸ்டிக்கர். உத்தரவாதமாம். நகத்தால் கீறினேன். எவனுடைய உத்தரவாதத்தையும் நம்பி நான் எதையும் செய்ததில்லை. வெண்மணி நம்பினான். பத்தாவது மாடியில் கண்ணாடி ஆபீஸ், கழுத்தில் பட்டையில் தொங்கும் அட்டை, அவனுடைய பெயரை அவர்கள் வென் என்று நறுக்கிக்கொண்டார்கள். நெருப்பில் வெந்து செத்த கூலி ஜனங்களின் ஊர்ப் பெயரை என் பிள்ளைக்கு வைத்தேன், அதை அவர்கள் குளிர்சாதன அறையில் வென் ஆக்கினார்கள், அவனும் திரும்பிப் பார்த்தான். ஒருநாள் ஒரு பெண் பிள்ளையை அவனுக்கு எதிரில் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்து, நீங்களே விலகுவதாக எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பேரில் கறுப்புப் புள்ளி விழும், வேறெங்கும் வேலை கிடைக்காது என்று மென்மையாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தான். கஜபதியின் மகன். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், பேனாவைத் தொடாதீர்கள், வெற்றுக் காகிதமானாலும் வாங்காதீர்கள் என்று நான் எத்தனை கேட்டுகளில் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன், அதெல்லாம் இரும்பில் மோதியது, கல்லில் மோதியது, என் வீட்டுச் சுவரில் மட்டும் மோதவில்லை போலிருக்கிறது. ஒரு போன் அடித்திருந்தால் போதும். ஒரு வார்த்தை. முப்பத்திரண்டு பக்கப் பிரசுரங்களில் சட்டம் படித்தவன் நான், டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன், அச்சு மை உள்ளங்கையில் ஒட்டும், அதைக் கொண்டே லேபர் கமிஷனரின் மேஜையில் வக்கீல்களைத் திணற அடித்திருக்கிறேன். என்னைக் கேட்டிருந்தால் அந்த ஆபீஸ் வாசலில் நான் நின்றிருப்பேன். யாரோடு நின்றிருப்பாய் கஜபதி? தோழர்கள் எங்கே? ஒருவன் கான்ட்ராக்டில் ஆள் சப்ளை பண்ணுகிறான், ஒருவன் மகன் வீட்டில் அமெரிக்கக் குளிருக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு படம் அனுப்புகிறான், மிச்சம் பேருக்கு மாலை போட்டாயிற்று. நாங்கள் மாதக்கணக்கில் நின்ற கேட் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது, கேட் இருந்த சரியான இடத்தில் நீச்சல் குளம், அதில் குழந்தைகள் ரப்பர் வாத்தோடு மிதக்கின்றன. நான் ஒருவனாகவே நின்றிருப்பேன். நின்றிருப்பேன் என்று இப்போது சொல்வது சுலபம் என்று எவனாவது சொன்னால் அவன் என்னை அறியாதவன்.

வந்துவிட்டது. 'ப்ளக்' என்று ஒரு ஓசையோடு விசிறிப் பாகம் தனியாகவும் பச்சைப் பலகை தனியாகவும் பிரிந்தன. மெதுவாக, இடையில் ஒரு மெல்லிய வயர் இருக்கிறது, போனில் ரிப்பேர் சொல்லித்தருகிற வீடியோப் பயல் சொன்னான். போனில் அவனை மறுபடி ஓடவிட்டேன். "ஹாய் நண்பா நண்பீஸ், உங்க கார்டு சூடாகுதா, கவலைய விடுங்க." காதில் கடுக்கன், பின்னால் ஊதா விளக்கு. விஷயத்துக்கு வர மாட்டான். லைக் போடு, பெல் பட்டனை அமுக்கு, கமெண்ட்ல ஒரு ஹார்ட். பிரசுரம் என்றால் முதல் வரியிலேயே விஷயம் இருக்க வேண்டும். கையேந்துகிறவனின் பேச்சைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, தள்ளித் தள்ளி வேண்டிய இடத்தை மட்டும் பார்த்தேன். நடுவில் உள்ள சில்லின் மேல் காய்ந்துபோன பசையைத் துடைத்துவிட்டுப் புதுப் பசை வைக்க வேண்டும், அதுதான் சாரம். பசையை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே போய் வாங்கி வந்தேன். ஊசி மருந்துக் குழாய் மாதிரி இருக்கிறது. கடைக்காரப் பையனுக்குச் சிரிப்பு. "என்னா பெருசு, நைட்டெல்லாம் கேமா? வீட்ல ஆயா திட்டலையா?" "ஆயாதான் சுடுவா, நான் குண்டு போட்டுக் குடுப்பேன்" என்றேன். கடையே சிரித்தது. "இன்னா கார்டு, மாடல் சொல்லு தலைவா, பேடும் வோணுமா?" என்றான். பேடா, அதெல்லாம் வேண்டாம், பசை மட்டும் கொடு என்றேன். ஒன்று வாங்கப் போனவனிடம் ஒன்பதை விற்கிற வித்தை எனக்குத் தெரியாதா. தலைவா என்று அவன் சொன்னது கடைத்தெருவில் எல்லோருக்கும் சொல்வதுதான், இருந்தாலும் மெட்ரோவில் திரும்பி வரும்போது அந்தச் சொல்லை ஏன் அப்படித் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சுத்தம் செய்ய வேண்டும். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நடுச் சில்லின் மேல் பழைய பசை காய்ந்த விபூதிபோல் வெடித்துக் கிடந்தது, வடிவு இன்சுலின் ஊசிக்கு முன்னால் தடவிக்கொள்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன், கண்ணாடியாக மின்னியது, என் முகம்கூட அதில் ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது. அதைச் சுற்றிலும் சின்னச் சின்னக் கறுப்புச் சில்லுகள், அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு பொருள், பழைய சூயிங்கம் மாதிரி, எண்ணெய் கக்கி, தூசி அப்பி, ஓரம் கிழிந்து. எத்தனை நாள் அழுக்கோ. போஸ்டர் ஒட்டுகிறவனுக்கு ஒரு விதி உண்டு, எங்கள் படையில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் விதி: பழையதன் மேல் ஒட்டாதே. முதலில் சுவர் தெரிய வேண்டும். சினிமாக்காரன் ஒட்டியது, ஜாதிக்காரன் ஒட்டியது, மூலம் பௌத்திரம் ஒட்டியது, எல்லாவற்றையும் தகரத்தால் வழித்து, தண்ணீர் அடித்து, செங்கல் முகம் காட்டிய பிறகு பசையைப் போடு. அப்படி ஒட்டியது மழைக்கும் போகாது, போலீஸ் வந்து உரித்தாலும் பாதி எழுத்தாவது நிற்கும். சோம்பேறி ஒட்டியதுதான் மறுநாள் மாட்டின் வாயில் இருக்கும். அதனால் வழித்தேன். வடிவின் பழைய இட்லிக் கரண்டிக் காம்பால் ஒவ்வொரு சில்லையும் வழித்தேன், சாம்பல் துண்டுகள் பிய்ந்து பிய்ந்து தினசரியின் மேல் விழுந்தன, ஒட்டிக்கொண்டு வர மறுத்தவற்றை நகத்தால் உருட்டி எடுத்தேன். மேல் பாகத்தின் உலோகத்திலும் அதே அழுக்கு ஒட்டியிருந்தது, அதையும். வியர்வை கண்ணில் வழிந்தது. இவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்து வெகுநாளாயிற்று. பலகை முழுவதும் சில்லுகள் புதிதாகப் பிறந்தவைபோல் கறுத்து மின்னின. பார்த்தாயா வெண்மணி, இதுதான் வேலை. மேலே மேலே ஒட்டிக்கொண்டு போகிற உன் காலத்துக்கு இது புரியாது. நடுச் சில்லின் மேல் பசையைப் பிதுக்கினேன், கஞ்சனைப்போல் பட்டாணி அளவு போடச் சொல்கிறான் வீடியோக்காரன், நான் தாராளமாகவே தடவினேன்.

மூடி, திருகி, குறுக்குக்குறுக்காக முடுக்கி, பெட்டிக்குள் தள்ளினேன், 'டக்' என்று அது பள்ளத்தில் உட்கார்ந்த சத்தம் என் தோள்வரை வந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். ரேஸ் காரிலிருந்து பிடுங்கி வந்ததுபோல் ஒரு நாற்காலி, தலை வைக்கிற இடத்தில் அவனுடைய எண்ணெய்க் கறை, என் தலை அங்கே எட்டவில்லை, அவன் என்னைவிட உயரம். இந்த அறைக்குள் நான் உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆகிறது. அவன் வாடை, சட்டை வாடை, மூடிய ஜன்னலின் வாடை. மேஜை மேல் ஒரு தட்டில் காய்ந்த தோசை விளிம்பு. சுவரில் ஒன்றும் இல்லை, ஒரு படம், ஒரு காலண்டர் இல்லை, வெறும் சுவரைப் பார்த்தா இத்தனை நாள் படுத்திருந்தான், வெறும் சுவரில் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு. பட்டனை அமுக்கப் பயமாக இருந்தது. தடியடியில் நின்றவன், பட்டனுக்குப் பயப்படுகிறேன். ஓடாவிட்டால். ஓடாவிட்டால் என்ன, ஒரு மிஷின், பிணமாகிப்போன உழைப்பு, அவ்வளவுதானே மிஷின் என்பது, பத்தொன்பது வயதில் பிரசுரத்தில் படித்தேன். பிணமான உழைப்பே, கொஞ்சம் ஓடு. அமுக்கினேன். விசிறிகள் அசைந்தன, சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடின, திரை பளிச்சென்று வந்தது, கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை, என் பிள்ளையிடம் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த விளையாட்டின் படத்தைத் தொட்டேன். பனி மலை ஒன்று திறந்தது, அதன் நடுவில் ஒரு சிப்பாய், முதுகைக் காட்டிக்கொண்டு, மூச்சு விட்டபடி நின்றான். மூலையில் பச்சை எழுத்தில் சூடு காட்டுகிறது. முன்பெல்லாம் சட்டென்று ஏறிச் சிவந்துவிடும், கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். இப்போது ஐம்பதில் நின்றது. ஏறவில்லை. விசிறி ஊளையிடவில்லை, தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி மெல்ல. மேஜையைக் கையால் ஒரு தட்டுத் தட்டினேன். வாய்விட்டுச் சிரித்தேன். வரட்டும், வந்து உட்காரட்டும், நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, நடையில் டீயோடு நிற்பேன், அவ்வளவுதான்.

அப்போது மணி அடித்தது. வாசல் மணி இல்லை, பெட்டிக்குள்ளிருந்து, மேஜை ஸ்பீக்கரில், தண்ணீர்ச் சொட்டு விழுவதுபோல் ஒரு மணி. திரையில் ஒரு பூனைப் படம் துள்ளியது, அடியில் ஒரு பச்சை வட்டம், ஒரு சிவப்பு வட்டம். பச்சையை அமுக்கினேன். ஏன் அமுக்கினேன், கை போய்விட்டது. "அண்ணே! லீடரண்ணே! நெசமாவே நீங்கதானா, ஆன்லைன்ல காட்டுது, நான் ஓடி வந்தேன், சோத்தப் போட்டுட்டு ஓடி வந்தேன்!" ஒரு பெண் பிள்ளை. தூத்துக்குடிப் பேச்சு. "ஜெனி பேசுதேன். எங்கண்ணே போனிய, ஆளையே காணோம், மெசேஜ் போட்டா பாக்கல, போன் போட்டா எடுக்கல. நாங்கல்லாம் கெதிகலங்கிப் போயி கெடக்கோம்." மேஜை மேல் கிடந்த அவன் ஹெட்போனை எடுத்து அதன் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். "பேச வேண்டாம்ணே, சும்மா இருங்க, இருக்கியன்னு தெரிஞ்சா போதும். அன்னைக்கு ஒண்ணு சொன்னியள்லா, நான் இல்லாமப் போனா யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்லன்னு, எங்கப்பாவுக்கு என்னால வந்த வெக்கமாவது தீரும்னு. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னிய. ஆனா எனக்கு அதுலேர்ந்து உறக்கம் இல்லண்ணே. அத மறுபடி நெனைக்கலியே? சொல்லுங்கண்ணே. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க." பனி மலையில் சிப்பாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நானும் விட்டிருக்க வேண்டும், அவளுக்குக் கேட்டுவிட்டது. "அண்ணே? அங்க யாரு?" "நான் அவனோட அப்பா" என்றேன். யாருடைய குரலோ சொன்னது. அந்தப் பக்கம் எங்கோ ஒரு பாத்திரம் விழுந்தது. "ஐயா" என்றாள். "ஐயா, அவுக இருக்காகளா?" இருக்கான், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான், அவங்க அம்மாவுக்கு முட்டிவலி என்று சொன்னேன், கமிஷனுக்குச் சாட்சி சொல்கிறவன்போல் அத்தனையும் வரிசையாகச் சொன்னேன். "ஐயா, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. நீங்க அவுகளத் தனியா" என்றாள், அந்த நிமிஷம் பனி மலையில் பச்சைக் கட்டங்கள் முளைத்தன. ஊதாக் கட்டங்கள். சிப்பாயின் முதுகு கிழிந்து கோடு கோடாக நீண்டது. மூலையில் ஐம்பத்திரண்டு என்றுதான் இருந்தது, சத்தியமாக ஐம்பத்திரண்டு. அவள் குரல் ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு ய்ய்ய் என்று இழுத்தது. பிறகு திரை கறுத்துவிட்டது.

மறுபடி அமுக்கினேன். விசிறி சுற்றுகிறது, விளக்கு ஓடுகிறது, திரை இல்லை. மறுபடி. மறுபடி. வயரைப் பிடுங்கிச் செருகினேன், பெட்டியைத் தட்டினேன், வா என்றேன், வந்து தொலை என்றேன், அந்தப் பெண் இன்னும் அந்த இருட்டுக்குள் பேசிக்கொண்டிருக்கிறாள், எனக்குத்தான் கேட்கவில்லை. தனியா. தனியா என்ன. தெரியும் என்ன என்று. என் வெட்கம் தீருமா. எப்போது நான் வெட்கப்பட்டேன், என் வாயால் எப்போது சொன்னேன், சொல்லவே இல்லை, அவனோடு நான் பேசவே இல்லையே, பேசாததா, பேசாமல் இருந்ததைத்தான் அவன் அப்படிப் படித்துக்கொண்டானா. முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் நடையில் அந்தச் சிரிப்பைக் கேட்டிருப்பேன். கேட்டு மகிழ்ந்திருப்பேன், பார் என் பிள்ளை சிரிக்கிறான் என்று. போனை எடுத்தேன். கடுக்கன் பையனை முதலிலிருந்து ஓடவிட்டேன், இந்த முறை தள்ளவில்லை, லைக் கேட்டதையும் கேட்டேன், ஹார்ட்டையும் கேட்டேன், நான் தாண்டிப் போன இடம் வந்தது. "நண்பா, இது ரொம்ப முக்கியம். சுத்தி இருக்கிற மெமரி மேல கிரே கலர்ல ரப்பர் மாதிரி இருக்கு பாருங்க, அதுதான் தெர்மல் பேட். அழுக்குன்னு நெனச்சு எடுத்துராதீங்க. அது வழியாத்தான் மெமரியோட சூடு மேல போகும். எடுத்தா மாத்தியே ஆகணும், இல்லன்னா நடுவுல கூலா காட்டும், ஓரத்துல எரிஞ்சிரும்." சிரித்துக்கொண்டே சொன்னான் அவனும். தினசரியின் மேல் சாம்பல் துணுக்குகள். பொறுக்கினேன். ஒன்றைச் சப்பையாக்கினேன், இன்னொன்றோடு சேர்த்து உருட்டினேன், தூசியும் நூலும் ஒட்டிக்கொண்டு வந்தது, எந்தத் துண்டு எந்தச் சில்லுக்கு என்று யாருக்குத் தெரியும், எரிந்ததை இனி எது மூடும். அப்படியும் உருட்டிக்கொண்டே இருந்தேன். வெளியே ஆட்டோ வந்து நிற்கிற சத்தம்.

"இன்னாங்க இது, ரூம்புக்குள்ள கடை பரப்பிக்கினு!" என்றாள் வடிவு, மருந்துப் பையோடு சுவரைப் பிடித்தபடி. அவன் அவளுக்குப் பின்னால் நின்றான். பெட்டியைப் பார்த்தான், கறுத்த திரையைப் பார்த்தான், என் விரல்களைப் பார்த்தான். உள்ளே வந்து குனிந்து தினசரியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தான். "இதையும் எடுத்துட்டீங்களா" என்றான். "அழுக்குன்னு நெனச்சேன்." "ஓ." "ஓடிச்சுடா. நல்லா ஓடிச்சு. அம்பதுதான் காட்டிச்சு." "ஆமா, அப்படித்தான் காட்டும்" என்றான். அவ்வளவுதான். இருமல் வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல் ஒரு குரல். "விடுங்கப்பா, அது ஏற்கெனவே போனதுதான்." "போனது இல்ல. நான் போக்கினேன். உன்னைக் கேக்காம உன் பொருளத் தொட்டு ஒடச்சிருக்கேன். திட்டு." "எதுக்குப்பா." "திட்டுடா! ஒருத்தன் உன் பொருள ஒடச்சா நாலு வார்த்தை கேக்கத் தெரியாதா உனக்கு? கையில கெடச்சத எடுத்து அடி!" வடிவு பயந்துபோய், "ஏன் இப்பக் கத்தறீங்க, புள்ள இப்பத்தான் வந்திருக்கான்" என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு. அதை அதுவரை நான் கதவுக்கு அந்தப் பக்கத்தில்தான் கேட்டிருந்தேன், முகத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை. கண்ணில் ஒன்றுமே இல்லை. "நல்லதுக்குத்தானே பண்ணீங்க" என்றான். எத்தனை ஆயிரம் பேருக்குக் கோபப்படக் கற்றுக் கொடுத்தேன், கூழைக் கும்பிடு போட்டு நின்றவனெல்லாம் என் பேச்சில் நிமிர்ந்தான், ஒரே ஒருவனை, ஒரே ஒரு தடவை, என் மேலாவது கோபப்பட வைக்க முடியவில்லை.

வடிவு காலை நீட்டக் கூடத்துக்குப் போனாள். "உன் ஆளு ஒண்ணு பேசிச்சு" என்றேன். "ஜெனின்னு." சட்டைப் பட்டனில் இருந்த கை நின்றது. "என்ன சொன்னா?" எந்தக் கேள்வியையும் எந்த அதிகாரியின் மூஞ்சிக்கும் நேராகக் கேட்டவன் நான். இப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான், அந்த நெனப்பு இன்னும் இருக்கா, நாலே சொற்கள். "நல்லாருக்கியான்னு கேட்டா" என்றேன். "நீங்க என்ன சொன்னீங்க?" "சொல்றதுக்குள்ள திரை போயிடுச்சு." தலையாட்டினான். "போன்ல கூப்பிட்டுப் பேசேன், பாவம், சாப்பாட்டைப் போட்டுட்டு ஓடி வந்திச்சாம்." "பேசலாம்" என்றான். போன் கட்டில் மேல் அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. எடுக்கவில்லை. படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான், சட்டை பாதி கழன்றபடி. "கதவைச் சாத்திட்டுப் போங்கப்பா." எழுந்தேன். கதவு வரைக்கும் போனேன், கைப்பிடியைக்கூடப் பிடித்தேன். பிறகு நிலைப்படியில் உட்கார்ந்தேன், இந்தப் பக்க நிலையில் முதுகைச் சாய்த்து, அந்தப் பக்க நிலையில் பாதங்களை முட்டுக் கொடுத்து. இப்படி ஒருவன் உட்கார்ந்தால் எந்தக் கதவும் சாத்தாது. முட்டி வலித்தது, சிமென்ட் தரை குளிர்ந்தது. "என்னப்பா பண்றீங்க?" என்றான் சுவரிடம். "உக்காந்திருக்கேன்." "எவ்வளவு நேரம்?" தர்ணா உட்கார்கிறவன் முதலில் கோரிக்கையைச் சொல்ல வேண்டும், உரக்க, தெளிவாக, எதிரில் இருப்பவனுக்குப் புரிகிற மாதிரி. ஒன்றே ஒன்றுதான் கோரிக்கை. அதைச் சொல்லிப்பார்க்க வாயைத் திறந்தேன், கூடத்தில் வடிவு மருந்து அட்டையைக் கிழிக்கிற சத்தம் கேட்டது, அவன் முதுகு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன், ஏறி இறங்கியது, மறுபடியும் பார்த்தேன்.